பவர் கூட்டிய காருக்கு வலுவான ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்படுபவை முன்னால் இன்ஜினும் பின்சக்கர இழுவையும் உள்ள கார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) எல்எஸ் வகை வி8 இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் 4எல்60இ கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு, அதே கம்பெனியின் கனமான 4எல்80இ கியர்பாக்ஸை ஏற்றுவதுதான் அதிகம் நடக்கும் மாற்றம். அதனால் பெரும்பாலான அளவுகள் அதை வைத்தே தரப்பட்டுள்ளன. வேறு கியர்பாக்ஸ் என்றாலும் வேலையின் வரிசை இதேதான்.

இன்ஜினில் பவர் கூட்டியதும் பழைய ஆட்டோமேட்டிக் ஏன் தாக்குப்பிடிப்பதில்லை?

ஆட்டோமேட்டிக்குக்குள் பல் உடைவதைவிட கிளட்ச் பிளேட் எரிவதே அதிகம். ஒரு கிளட்ச் பேக் (பிளேட்டுகளின் அடுக்கு) எவ்வளவு டார்க்கை, அதாவது திருப்பு விசையை, பிடித்து நிறுத்தும் என்பது பிளேட்டுகளின் எண்ணிக்கை, அவற்றின் பரப்பு, அவற்றை அழுத்தும் ஆயில் பிரஷர் ஆகியவற்றைப் பொறுத்தது. டார்க் அந்த எல்லையைத் தாண்டினால் பிளேட் வழுக்கும். வழுக்கினால் சூடேறும், சூடேறினால் உராய்வுப் பூச்சு கருகிப் பளபளப்பாகும், அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் வழுக்கும். இது தொடங்கிவிட்டால் புது ஆயில் ஊற்றி நிறுத்த முடியாது.

கார் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது, இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் இன்ஜின் டார்க்கைச் சுமார் 2 மடங்கு பெருக்கித் தரும். 600 நியூட்டன் மீட்டர் இன்ஜின் என்றால் கியர்பாக்ஸின் உள்வரும் ஷாஃப்ட்டில் கிளம்பும் நொடியில் 1,200 வரை விழும். டயர் சுழன்று நழுவினால் அந்த டார்க் வெளியேறிவிடும். பிடிப்புள்ள டயரும் கனமான காரும் சேர்ந்தால் முழுச் சுமையும் கியர்பாக்ஸ் தலையில்தான். அதனால் "இது எத்தனை குதிரைத்திறன் தாங்கும்?" என்று மட்டும் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. டார்க், காரின் எடை, டயர், எப்படிக் கிளப்புகிறீர்கள் என்ற நான்கையும் சொல்லிக் கேளுங்கள்.

இருப்பதையே பிரித்து வலுவாக்கினால் போதாதா?

பல நேரங்களில் போதும். 4எல்60இ-யில் அடிவாங்கும் இடங்கள் தெரிந்தவைதான். ஒன்று 3-4 கிளட்ச் பேக். மூன்றாம் கியரில் முழு ஆக்ஸிலரேட்டரில் இன்ஜின் மட்டும் கத்தும், கார் போகாது. இன்னொன்று சன் ஷெல், அதாவது நடுக் கியரைச் சுழற்றும் கிண்ணம் போன்ற பாகம்; அது உடைந்தால் இரண்டாம் கியர், நான்காம் கியர், ரிவர்ஸ் மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடும், ஒன்றும் மூன்றும் மட்டும் வேலை செய்யும். கடினப்படுத்திய சன் ஷெல், அகலமான 2-4 பேண்டு (டிரம்மை இறுக்கிப் பிடிக்கும் பட்டை), அதை அழுத்தும் பெரிய சர்வோ, கூடுதல் பிளேட், ஐந்து பினியன் பிளானட் (ஐந்து சிறு பல்சக்கரம் கொண்ட கியர் தொகுதி) என்று எல்லாம் போட்டு நன்றாகக் கட்டிய 4எல்60இ, டர்போ இல்லாத எடை குறைந்த காருக்குச் சரியான தேர்வு. எடையும் குறைவு, காரின் தரையில் கியர்பாக்ஸ் உட்காரும் டன்னலில் தட்ட வேண்டியதும் இல்லை.

டர்போ அல்லது சூப்பர்சார்ஜர் ஏற்றிய, பிடிப்புள்ள டயர் போட்ட கார் என்றால் அந்தச் செலவை அதில் போடாதீர்கள். உட்பாகங்களின் அளவே சிறியது. எத்தனை நல்ல பாகம் போட்டாலும் அந்தக் கூட்டுக்குள் அடங்கியதைத்தான் போட முடியும்.

அப்படியென்றால் எதைத் தேர்ந்தெடுப்பது?

4எல்80இ-க்கு என் முதல் ஓட்டு. 1964-இல் வந்த, பெயரில் மட்டும் டர்போ உள்ள மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கான டர்போ 400-இன் உடம்பில் ஓவர்டிரைவும் (நெடுஞ்சாலையில் இன்ஜினை மெதுவாகச் சுழல வைக்கும் மேல் கியர்) எலெக்ட்ரானிக் கட்டுப்பாடும் சேர்த்து 1991-இல் வந்தது இது. கனரக பிக்கப்பும் வேனும் இழுக்கச் செய்தது. எந்த மாற்றமும் இல்லாமலே 440 பவுண்டு-அடி, அதாவது சுமார் 597 நியூட்டன் மீட்டர் இன்ஜின் டார்க்குக்குக் கம்பெனி அனுமதித்திருக்கிறது. பாகங்கள் எளிதில் கிடைக்கும், கட்டத் தெரிந்தவர்களும் நிறைய. குறை என்றால் எடையும் பருமனும். 4எல்60இ-யைவிடக் குறைந்தது 30 கிலோ கூடும். உள்ளே சுழலும் பாகங்களும் கனமானவை என்பதால் பவரில் கொஞ்சம் தானே தின்னும்.

நெடுஞ்சாலையே ஓட்டாத, டிராக்கில் மட்டும் ஓடும் கார் என்றால் டர்போ 400 போதும். ஓவர்டிரைவ் இல்லை, கம்ப்யூட்டர் தேவையில்லை, எளிமையானது. இன்னும் எளிமை வேண்டுமென்றால் இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு. எடை குறைந்த, டார்க் நிறைந்த டிராக் கார் தவிர வேறெதிலும் அது வேண்டாம். ஃபோர்டு இன்ஜின் என்றால் 6ஆர்80, கிரைஸ்லர் என்றால் பழைய டார்க்ஃபிளைட் 727 அல்லது இசட்எஃப் 8எச்பி குடும்பம். அந்தந்த இன்ஜின் குடும்பத்துக்குள் தேடுவது நல்லது. அடாப்டர் பிளேட் ஒன்று கூடினால் மையம் விலக ஒரு வாய்ப்பும் கூடும்.

இசட்எஃப் 8எச்பி பற்றி எல்லோரும் பேசுகிறார்களே?

நல்ல கியர்பாக்ஸ். 2009-இல் வந்தது, பெயரில் உள்ள எண் கம்பெனி நிர்ணயித்த டார்க் வகையைக் காட்டும். 8எச்பி70 என்றால் 700 நியூட்டன் மீட்டர் வகை, 8எச்பி90 என்றால் 900. 2015-இல் வந்த டாட்ஜ் ஹெல்கேட் காரின் ஆட்டோமேட்டிக்கில் இருந்தது 8எச்பி90-தான். முதல் கியர் 4.71, எட்டாவது 0.67 என்பதால் கிளம்பவும் நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடவும் இரண்டுக்கும் வசதி.

சிக்கல் இரண்டு. பெல் ஹவுசிங் (இன்ஜினோடு சேரும் மணி வடிவ முன்பகுதி) கூட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. வேறு இன்ஜினுக்கு அடாப்டர் பிளேட்டும் அதற்கேற்ற ஃப்ளெக்ஸ் பிளேட்டும் (கிராங்கையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் தட்டு) வேண்டும். அடுத்தது மூளை: கட்டுப்பாட்டு கம்ப்யூட்டர், கியர்பாக்ஸின் அடித்தட்டான ஆயில் பேனுக்குள், ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு பாடியோடு உட்கார்ந்திருக்கிறது. இன்ஜின் இப்போது எவ்வளவு டார்க் தருகிறது என்ற தகவல், காரின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் வயர் வழியாக அதற்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். வராவிட்டால் அவசர நிலைக்குப் போய்விடும். தனி கன்ட்ரோலரும் அதை ட்யூன் செய்யத் தெரிந்தவரும் கைவசம் இல்லாமல் இந்த கியர்பாக்ஸை வாங்கி வைக்காதீர்கள்.

ரேஷியோ மாறினால் ஓட்டும்போது என்ன வித்தியாசம் தெரியும்?

ஒன்று முதல் நான்கு வரை கியர் ரேஷியோ இவை. 4எல்60இ: 3.06, 1.63, 1.00, 0.70. 4எல்80இ: 2.48, 1.48, 1.00, 0.75. பின் அச்சில் உள்ள டிஃபரன்ஷியலின் ரேஷியோ 3.73 என்று வையுங்கள். முதல் கியரில் மொத்தப் பெருக்கம் 11.4-இலிருந்து 9.25-ஆக இறங்கும். டர்போ இல்லாத இன்ஜினில் கிளம்பும்போது கார் மந்தமாகத் தெரியும், டிஃபரன்ஷியலை 4.10 ஆக்கினால் 10.2 வரை மீட்கலாம். டர்போ கார் என்றால் இந்த இறக்கம் நன்மைதான், டயர் வீணாகச் சுழலாது, டர்போவுக்கும் சுமை கிடைக்கும்.

கியர் மாறும் இடத்தில்தான் 4எல்80இ அழகு. 6,000 ஆர்பிஎம்-இல் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனால் 4எல்60இ-யில் இன்ஜின் சுமார் 3,200-க்கு விழும். இதில் 3,580-தான். உயர் ஆர்பிஎம்-க்கான கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்ட இன்ஜின் தன் பலமான வட்டத்திலிருந்து வெளியே விழாது.

நெடுஞ்சாலை வேகத்தைக் கணக்கிட: மணிக்குக் கிலோமீட்டரை 16.67-ஆல் பெருக்கி, டயரின் சுற்றளவால் (மீட்டரில்) வகுத்து, டிஃபரன்ஷியல் ரேஷியோவாலும் கியர் ரேஷியோவாலும் பெருக்குங்கள். 66 செ.மீ. விட்டமுள்ள டயர், 3.73, மணிக்கு 100 கி.மீ. என்றால் ஓவர்டிரைவ் இல்லாத டர்போ 400-இல் ஏறக்குறைய 3,000 ஆர்பிஎம், 4எல்80இ-யில் 2,250, 4எல்60இ-யில் 2,100. கன்வெர்ட்டர் லாக் ஆகியிருக்கும்போது, அதாவது அதன் உள் கிளட்ச் பூட்டி வழுக்கல் இல்லாதபோது, வரும் எண் இது. லாக் ஆகாவிட்டால் இதற்கு மேல் ஓடும்.

பழைய 4எல்80இ வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பேனைக் கழற்றிப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள். காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை இருந்தால் பயமில்லை. வெண்கல நிறத் துகள் என்றால் புஷ்ஷோ வாஷரோ தேய்கிறது. ஆயில் கறுத்து, கருகிய வாடை வந்தால் கிளட்ச் போய்விட்டது, விலையில் பேரம் பேசத் தேவையான அத்தாட்சி அது.

நான்குசக்கர இழுவை வண்டியிலிருந்து வந்ததா என்று கேளுங்கள். அதன் பின் ஷாஃப்ட் குட்டை, பின் ஹவுசிங்கும் இருக்காது. ஷாஃப்ட்டை மாற்ற முழுதாகப் பிரிக்க வேண்டும். ஆண்டும் முக்கியம்: 1996 வரை கூலர் குழாய் இரண்டும் முன்பக்கம் அருகருகே இருக்கும், 1997 முதல் ஒன்று முன்னால், இன்னொன்று பின்னால். புதிய அமைப்பில் கூலரிலிருந்து திரும்பும் ஆயில் பின்பக்கக் கியர்களை நேராக நனைக்கிறது. அதனால் 1997-க்குப் பிந்தையதே மேல்.

டார்க் கன்வெர்ட்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஸ்டால் வேகம் என்பது பிரேக் பிடித்தபடி முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் இன்ஜின் ஏறி நிற்கும் ஆர்பிஎம். அது கன்வெர்ட்டரில் முத்திரை குத்திய நிலையான எண் இல்லை, இன்ஜின் டார்க்கோடு ஏறும், டார்க்கின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. 400 நியூட்டன் மீட்டர் இன்ஜினில் 2,400-இல் ஸ்டால் ஆகும் அதே கன்வெர்ட்டர், 600 தரும் இன்ஜினில் சுமார் 2,940-இல் ஸ்டால் ஆகும். நண்பரின் காரில் அருமையாக இருந்த கன்வெர்ட்டர் உங்கள் காரில் சொதப்புவது இதனால்தான்.

காரின் எடை, டயர் விட்டம், டிஃபரன்ஷியல், கேம், எந்த ஆர்பிஎம்-இல் டார்க் உச்சம், டர்போ உண்டா, இவற்றைக் கன்வெர்ட்டர் செய்பவரிடம் எழுதிக் கொடுத்துச் செய்து வாங்குங்கள். தெருவில் ஓடும் காருக்குத் தேவைக்கு மேல் ஸ்டால் வைத்தால் நிதானமாக ஓட்டும்போதே வழுக்கிச் சூடேற்றும். கன்வெர்ட்டர் வழியாக 150 கிலோவாட் போகும்போது 10 சதவீதம் வழுக்கினால் 15 கிலோவாட் அப்படியே ஆயிலில் வெப்பமாக இறங்குகிறது. லாக்-அப் கிளட்ச் ஒற்றைப் பிளேட் என்றால் முழு ஆக்ஸிலரேட்டரில் லாக் போடாதீர்கள். அப்படிப் போட வேண்டுமென்றால் பல பிளேட் வகை வாங்க வேண்டும்.

இன்ஜினோடு இணைக்கும்போது எங்கே தவறுகிறார்கள்?

பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான், கவனமாகப் படியுங்கள். எல்எஸ் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முகம் பழைய ஜிஎம் ஸ்மால் பிளாக் வி8 இன்ஜினைவிட 0.400 அங்குலம், அதாவது சுமார் 10 மி.மீ. உள்ளே தள்ளி இருக்கும். நீளக் கிராங்க் வந்த சில ஆரம்பகால 6.0 லிட்டர் இன்ஜின்கள் மட்டும் விதிவிலக்கு. அந்த இடைவெளியை நிரப்பக் கிராங்கில் ஸ்பேசரும் தட்டையான ஃப்ளெக்ஸ் பிளேட்டும் நீளமான போல்ட்டும் வேண்டும். ஸ்பேசர் இல்லாமல் போல்ட்டை இறுக்கி கன்வெர்ட்டரை முன்னால் இழுத்தால், அதன் மூக்கு கிராங்கில் உட்காராது. மையம் இல்லாமல் ஆடும். பம்ப் புஷ் தேய்ந்து, முன் சீல் ஒழுகி, கடைசியில் பம்பே போகும்.

கன்வெர்ட்டரை கியர்பாக்ஸில் ஏற்றுமுன் அதற்குள் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றுங்கள். பிறகு மெல்லச் சுழற்றிக்கொண்டே தள்ளுங்கள். மூன்று தடவை "டக்" என்று உள்ளே இறங்க வேண்டும்: ஷாஃப்ட்டின் பல், ஸ்டேட்டர் பல், கடைசியாக பம்ப். இரண்டோடு நின்றுவிட்டால் ஏற்ற முடிந்ததாகத் தோன்றும், ஆனால் பெல் ஹவுசிங் இன்ஜினோடு ஒட்டாமல் ஒரு இடைவெளி தெரியும். அந்த இடைவெளியை போல்ட் போட்டு இறுக்கி மூடுபவர் பம்ப் கியரை அங்கேயே உடைக்கிறார். பெல் ஹவுசிங் கைவிரலால் தள்ளியே பிளாக்கோடு சேர வேண்டும், மையத்தைப் பொருத்தும் டவல் பின் இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும்.

சேர்ந்த பிறகு கன்வெர்ட்டர் கையால் சுழல வேண்டும். அதை முழுவதும் பின்னால் தள்ளிவிட்டு, ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் கன்வெர்ட்டர் காதுக்கும் (போல்ட் மாட்டும் நீட்டம்) நடுவே அளந்தால் 3.2 முதல் 4.8 மி.மீ. கிடைக்க வேண்டும். கூடினால் காதுகளில் சம அளவு வாஷர் வைக்கலாம். குறைந்தால் ஓட்டவே கூடாது. சூட்டில் கன்வெர்ட்டர் உப்பும்போது பம்பை நசுக்கும்.

4எல்60இ வயரிங்கை அப்படியே மாட்டலாமா?

பிளக் மாட்டும். அதுதான் ஆபத்து. இரண்டிலும் 20 பின் உள்ள ஒரே வடிவ வட்ட பிளக், உள்ளே பின்களின் வேலை வேறு. பின்களை இடம் மாற்ற வேண்டும். 4எல்80இ-யில் உள்வரும் வேகத்துக்கு ஒரு சென்சாரும் வெளிவரும் வேகத்துக்கு ஒரு சென்சாரும் உண்டு, 4எல்60இ-யில் வெளிவரும் வேகத்துக்கு மட்டுமே. புது சென்சாருக்கு இன்ஜின் கம்ப்யூட்டர் வரை தனி வயர் இழுக்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்குள்ளும் கியர்பாக்ஸ் பகுதி முழுவதையும் 4எல்80இ உள்ள வண்டியின் மென்பொருளிலிருந்து மாற்ற வேண்டும். கியர் மாறும் வேக அட்டவணையை மட்டும் மாற்றினால் ரேஷியோ பொருந்தவில்லை என்று பிழைக் குறியீடு போட்டு, பிரஷரை உச்சத்துக்கு ஏற்றி இடி இடிப்பது போல் கியர் மாற்றும். டயர் அளவும் டிஃபரன்ஷியல் ரேஷியோவும் அதிலேயே பதிய வேண்டும்.

கியர் மாறும் கணத்தில் இன்ஜின் டார்க்கைக் குறைக்கும் வசதியை முழுவதும் அணைத்துவிடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. வேண்டாம். கொஞ்சம் தளர்த்துங்கள், பூஜ்யமாக்காதீர்கள். பிளேட்டின் ஆயுள் அதில் இருக்கிறது.

கார்புரேட்டர் இன்ஜினுக்கு?

4எல்80இ-க்குத் தனி கன்ட்ரோலரும் த்ராட்டில் சென்சாரும் வேண்டும். டர்போ 400-க்கு இரண்டே இணைப்பு: கிக்டவுன் வயர், வேக்குவம் மாடுலேட்டர் குழாய் (இன்ஜினின் உறிஞ்சு அழுத்தத்தைக் கொண்டு ஆயில் பிரஷரை மாற்றுவது). பெரிய கேமில் வேக்குவம் குறைவு என்பதால் அதற்கேற்ற மாடுலேட்டர் போடுங்கள். டர்போ இன்ஜினில் பூஸ்ட் அந்தக் குழாய்க்குள் போகாமல் ஒருவழி வால்வு வையுங்கள். 700ஆர்4 அல்லது 200-4ஆர் என்ற பழைய ஜிஎம் நான்கு கியர் ஆட்டோமேட்டிக் என்றால் டிவி (த்ராட்டில் வால்வு) கேபிள். கார்புரேட்டர் கையில் கேபிள் இழுபடும் கோணம் தவறினால் பிரஷர் ஏறாது, கிளட்ச் சில கிலோமீட்டரிலேயே எரியும்.

டன்னல், கிராஸ் மெம்பர், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் என்னென்ன வேலை?

பல கார்களில் டன்னலைச் சில இடங்களில் தட்டி விரிக்க வேண்டியிருக்கும். சுற்றிலும் 12 மி.மீ. இடைவெளி வையுங்கள், இன்ஜின் மவுண்டில் அசையும்போது இடிக்கக் கூடாது. மவுண்ட் இடம் பின்னால் போவதால் கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரை நகர்த்தவோ புதிதாகச் செய்யவோ வேண்டும்.

4எல்60இ-யின் பின் ஷாஃப்ட்டில் 27 பல், 4எல்80இ-யிலும் டர்போ 400-இலும் 32. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முன்முனையில் உள்ள பழைய யோக் அதில் ஏறாது. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பழைய அளவை நினைத்து வெட்டாதீர்கள். கியர்பாக்ஸ் உட்கார்ந்து, கார் நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது அளந்து, யோக் முழுதாக உள்ளே போன நிலையிலிருந்து 19 முதல் 25 மி.மீ. வெளியே இருக்கும்படி வெட்டி, பேலன்ஸ் செய்து வாங்குங்கள். ஜாயின்ட் கோணம் 3 டிகிரிக்குள், முன்னும் பின்னும் 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லாமல். கோணம் பூஜ்யமும் கூடாது, ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் பள்ளம் விழும்.

ஆயில் கூலர் எவ்வளவு பெரியது வேண்டும்?

அடுக்குத் தட்டு வகை, இடம் கொடுக்கும் அளவுக்குப் பெரியது, காற்று நேராகப் படும் இடத்தில். பேனில் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் சரியான அளவு. 110 தாண்டினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். 120-இல் ஆயில் கெட ஆரம்பிக்கும், அதற்கு மேல் சீல்கள் விறைக்கும். குளிர் காலத்திலும் ஓட்டுபவர் என்றால், ஆயில் சூடாகும் வரை கூலரைத் தவிர்க்கும் தெர்மோஸ்டாட் பைபாஸ் வையுங்கள்.

சென்சாரை பேனில் வையுங்கள். கூலருக்குப் போகும் குழாயில் வைத்தால் ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் முள் எகிறிப் பயமுறுத்தும். பழைய கியர்பாக்ஸ் எரிந்து போனதென்றால் பழைய கூலரைக் கழுவி மாட்டாதீர்கள், தூக்கிப் போடுங்கள். தட்டுகளுக்கு நடுவே ஒளிந்த பிளேட் தூள் புது வால்வு பாடிக்குத்தான் வரும். கூலர் பிட்டிங்கை அளவுக்கு மீறி இறுக்கினால் அலுமினியக் கூடு விரியும்.

ஆயில் ஊற்றி முதலில் ஸ்டார்ட் செய்வது எப்படி?

கன்வெர்ட்டரோடு முழுவதும் காய்ந்த 4எல்80இ-க்கு ஏறத்தாழ 12.8 லிட்டர் டெக்ஸ்ரான் 6. ஸ்டார்ட் செய்யுமுன் 6 லிட்டர் ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்ததும் பம்ப் உறிஞ்சும், உடனே இன்னும் 3 லிட்டர். பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியரிலும் ஐந்து நொடி நிறுத்தி, பார்க்குக்கு வந்து, டிப்ஸ்டிக்கைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். கடைசி அளவு ஆயில் 80 டிகிரியில், சமதளத்தில், இன்ஜின் ஓடும்போது. டார்க்ஃபிளைட் 727-ஐ மட்டும் நியூட்ரலில் பாருங்கள், பார்க்கில் அதன் கன்வெர்ட்டருக்கு ஆயில் போகாது. 8எச்பி-க்கு டிப்ஸ்டிக் இல்லை. 40 டிகிரி அளவில், இன்ஜின் ஓட, பக்கவாட்டு பிளக்கில் ஆயில் வழியும்போது மூட வேண்டும்.

அளவுக்கு மேல் ஊற்றினால் சுழலும் பாகம் ஆயிலை நுரையாக்கும். நுரையை பம்ப் உறிஞ்சினால் பிரஷர் விழும், மூச்சுக் குழாய் வழியே வெளியேயும் கக்கும்.

ஓட்டிப் பார்த்ததும் கோளாறு தெரிந்தால்?

ஸ்டார்ட் செய்ததும் பம்ப் பக்கமிருந்து விசில் போல் சத்தம் வந்தால் உடனே அணையுங்கள். முதலில் ஆயில் அளவு, பிறகு பில்டர் சீல், பிறகு கன்வெர்ட்டர் இடைவெளி.

டி போட்டு இரண்டு மூன்று நொடி கழித்தே நகர்ந்தால் ஆயில் குறைவு அல்லது சீல் கசிவு. கியர் மாறும் நடுவே இன்ஜின் ஒரு கணம் எகிறினால் அந்தக் கிளட்ச்சுக்குப் பிரஷர் போதவில்லை. கூட்டில் உள்ள 1/8 அங்குல பிளக்கைக் கழற்றி கேஜ் மாட்டி அளந்து பாருங்கள், அளக்காமல் பிரஷரை ஏற்றாதீர்கள். அளவுக்கு மீறிய பிரஷர் பம்பையும் டிரம்மையும் தின்னும். லாக் ஆகும்போது ரம்பிள் ஸ்ட்ரிப் (சாலையில் உள்ள அதிர்வுக் கோடுகள்) மேல் ஓட்டுவது போல் நடுங்கினால் லாக்-அப் கிளட்ச்சோ ஆயிலோ. ஸ்டால் சோதனை செய்தால் ஐந்து நொடிக்கு மேல் மிதிக்காதீர்கள்.

டிராக்கில் ஓட்டினால் கூடுதலாக என்ன?

எஸ்எஃப்ஐ (பந்தயப் பாகங்களுக்கான பாதுகாப்புத் தரம்) 29.1 ஃப்ளெக்ஸ் பிளேட், கியர்பாக்ஸ் மேல் எஸ்எஃப்ஐ 4.1 கவசம். வேகமாகச் சுழலும் டிரம் வெடித்தால் அதன் துண்டு ஓட்டுநரின் கால் பக்கம்தான் வரும். டர்போ 400-இல் பழைய ஸ்ப்ராக்கை (ஒரு பக்கம் மட்டும் சுழலவிடும் கிளட்ச்) எடுத்துவிட்டு 34 உறுப்பு ஸ்ப்ராக் போடுங்கள். ஈரத்தில் டயரைச் சுழற்றிச் சூடேற்றிவிட்டு, உலர்ந்த தரையில் திடீரென்று பிடிப்பு கிடைக்கும் கணம்தான் ஸ்ப்ராக் உடையும் இடம். சக்கரம் உலர்தரைக்கு வருமுன் காலை எடுங்கள்.

பார்க், நியூட்ரல் தவிர வேறெங்கும் ஸ்டார்ட் ஆகாதபடி சுவிட்ச் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு நிலையாக வைத்துப் பாருங்கள். மூன்று கியர் லீவரோடு நான்கு கியர் பாக்ஸை இணைத்தால் பார்க் பாதியில் நிற்கும். சரிவில் நிறுத்தி, கை பிரேக் போடாமல், பார்க் மட்டும் பிடிக்கிறதா என்று சோதியுங்கள். சக்கரத்துக்கு முன் ஒரு கட்டையை வைத்துவிட்டு.

கட்டி முடித்ததும் எவ்வளவு நாள் மெதுவாக ஓட்டணும்?

முதல் 150 கி.மீ. பாதி ஆக்ஸிலரேட்டருக்குள், எல்லா கியரிலும் மேலும் கீழும் மாறும்படி. 800 கி.மீ. ஆனதும் ஆயிலும் பில்டரும் மாற்றுங்கள். பேனை இறக்கினால் 4எல்80இ-யில் 7 லிட்டருக்குச் சற்று மேல் வரும், மீதி கன்வெர்ட்டரில் தங்கும். காந்தத்தைத் துடைத்து, படிந்ததைப் படம் எடுத்து வையுங்கள். அடுத்த தடவை இறக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.